கோல்ஃப் ரிசார்ட்டில் குடும்பத்தோடு நான்கு இரவுகள்: பதிவு செய்வதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

உங்கள் கேள்வியின் சாரம் இது: கணவர் கோல்ஃப் ஆடுபவர், நீங்கள் ஆடுவதில்லை. பத்து வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். எழுபதைக் கடந்த மாமியாரும் உடன் வருகிறார். 18 குழி மைதானமும் நான்கைந்து நீச்சல் குளங்களும் உள்ள பெரிய ரிசார்ட் ஒன்றில் நான்கு இரவுகள் தங்கினால் அது எல்லோருக்கும் பொருந்துமா, எந்த அறையைக் கேட்பது, எதையெல்லாம் விசாரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருந்தும். ஆனால் அறையின் அழகும் குளங்களின் எண்ணிக்கையும் அதைத் தீர்மானிப்பதில்லை. இத்தகைய இடங்களில் ஒரே வரவேற்பறைக்குப் பின்னால் இரண்டு தனித்தனி உலகங்கள் இயங்குகின்றன. கோல்ஃபுக்கு ஒரு கால அட்டவணை உண்டு, குளத்துக்கு இன்னொன்று உண்டு, இரண்டுக்கும் மிகச் சிறந்த நேரம் காலை வேளைதான். அந்தக் காலைகள் யாருக்கு எத்தனை என்று பணம் கட்டுவதற்கு முன்பே உங்களுக்குள் பேசி முடித்துவிட்டால் மற்றவை எளிது. அதைப் பேசாமல் போய் இறங்கினால், எவ்வளவு உயர்ந்த விடுதியாக இருந்தாலும், கணவர் மைதானத்தில் இருக்கும் நேரமெல்லாம் நீங்கள் தனியாக இரண்டு பிள்ளைகளைத் தண்ணீரில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கணக்கைப் பாருங்கள். நால்வர் சேர்ந்து ஆடும் 18 குழி ஆட்டம் ஒன்று நான்கு முதல் நான்கரை மணி நேரம் எடுக்கும். கூட்டம் மிகுந்த நாட்களில் ஐந்தையும் தொடும். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு, அதாவது அவர்கள் டீ டைம் என்று சொல்லும் நேரத்துக்கு, அரை மணிக்கு முன்பே போய்ப் பெயர் பதிந்து, சில பந்துகளை அடித்துக் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் உடன் ஆடியவர்களோடு சிறிது நேரம் உட்கார்ந்து பேசாமல் எழுந்து வருபவர்கள் அரிது. பிறகு அறைக்குத் திரும்பிக் குளித்தாக வேண்டும். ஆக, எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் என்றால் ஏழேகாலுக்கு அறையை விட்டுப் புறப்பட்டவர் பிற்பகல் ஒன்றரைக்குத்தான் குடும்பத்துக்குக் கிடைப்பார். வெயில் ஏறுவதற்கு முன் பிள்ளைகள் தண்ணீரில் இருக்க வேண்டிய நேரம் அதற்குள் முடிந்துபோயிருக்கும்.

நான்கு இரவுகள் என்பது உண்மையில் மூன்று முழு நாட்கள். அவற்றில் ஒரு நாள் முழு ஆட்டம், இன்னொரு நாள் 9 குழி, மூன்றாம் நாள் மைதானத்தின் பக்கமே போகாமல் இருப்பது என்ற பங்கீடு பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒத்துவருகிறது. முழு ஆட்டத்தை அன்றைய முதல் நேரங்களில் ஒன்றில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்னால் யாரும் இல்லாததால் ஆட்டம் தடங்கலின்றி நகரும். விடிந்ததும் தொடங்கியவர் பிள்ளைகளின் காலை உணவு முடிந்து சற்று நேரத்திலேயே வந்து சேர்ந்துவிட முடியும். பிற்பகலின் பிந்திய நேரங்களைப் பல மைதானங்கள் குறைந்த கட்டணத்தில் தருகின்றன, ஆனால் இருட்டுவதற்குள் 18 குழியும் முடியும் என்று அங்கே யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். 9 குழி ஆடுவதற்கு அதுவே ஏற்ற நேரம், அப்போது பிள்ளைகளும் களைத்து அறையில் இருப்பார்கள்.

9 குழி ஆடினால் அது ஆட்டமே அல்ல என்று உங்கள் கணவர் சொன்னால், இரண்டு செய்திகளை நினைவூட்டுங்கள். 18 என்ற எண்ணுக்கு எந்தப் புனிதமும் இல்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் 22 குழிகளாக இருந்த சுற்றை 1764ஆம் ஆண்டில் 18ஆகக் குறைத்தார்கள், அந்த மைதானத்துக்கு இருந்த மதிப்பால் பிற்பாடு அதுவே உலக வழக்காயிற்று. இரண்டாவதாக, 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், அதாவது ஆட்டக்காரரின் திறனை ஓர் எண்ணாகக் கணக்கிடும் முறையில், 9 குழி ஆட்டத்தின் மதிப்பெண்ணும் ஏற்கப்படுகிறது. 2024இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு 9 குழியோடு சேர்ப்பதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. விளையாட்டில் கண்டிப்பானவர்களிடம் இந்த இரண்டாவது வாதம் எடுபடும்.

தேதியை முடிவு செய்வதற்கு முன் மைதானத்தின் நிலையையும் விசாரிக்க வேண்டும். கிரீன் எனப்படும், குழியைச் சுற்றியுள்ள மிக நுண்ணிய புல்தரையை ஆண்டுக்கு ஓரிரு முறை இயந்திரத்தால் துளையிட்டு, விரல் பருமனுள்ள மண் துண்டுகளை உருவி எடுத்து, அந்தத் துளைகளில் மணலை நிரப்புவார்கள். மிதிபட்டு இறுகிய மண்ணுக்குள் காற்றும் நீரும் இறங்குவதற்கு இது அவசியம். ஆனால் அதற்குப் பிந்தைய இரண்டு வாரங்களுக்குப் பந்து நேராக உருளாது, தத்தித் தத்திப் போகும். வெப்பமான பகுதிகளில் குளிர்காலத்துக்கு முன் வேறு வகைப் புல்விதை தூவுவதற்காகச் சில மைதானங்களை அடியோடு மூடியும் வைப்பார்கள். இந்தத் தேதிகள் மைதான அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரியும். அறைப் பதிவுப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே மைதான அலுவலகத்தைத் தனியே அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அதே அழைப்பில், உங்கள் தேதிகளில் போட்டியோ நிறுவனக் கூட்டமோ உண்டா என்பதையும் கேட்டுவிடலாம். இருநூறு பேர் கொண்ட மாநாடு ஒன்று நடந்தால் காலை நேரங்கள் மொத்தமாக அவர்களுக்குப் போய்விடும், மாலையில் குளத்துச் சாய்வு நாற்காலிகளும் அவர்களிடமே இருக்கும்.

இனி அறை. 18 குழி மைதானம் ஒன்றுக்கு மட்டுமே ஐம்பது ஹெக்டேருக்கும் மேல் நிலம் வேண்டியிருப்பதால், இந்த ரிசார்ட்டுகளின் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் சிதறிக் கிடக்கும். விளம்பரப் படத்தில் குளமும் அறையும் மைதானமும் ஒரே சட்டத்துக்குள் தெரிவது பறக்கும் கேமராவின் கைவண்ணம். ஈரமான நான்கு வயதுப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு, மறு கையில் துண்டுப் பையோடு, பத்து நிமிடம் நடந்து அறைக்குத் திரும்புவதை ஒரு நாளைக்கு மூன்று முறை செய்ய வேண்டியிருந்தால் இரண்டாம் நாளே யாருக்கும் குளத்துக்குப் போகும் ஆசை வராது. பதிவு செய்வதற்கு முன் வளாகத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, எந்தக் கட்டடம் குழந்தைகள் குளத்துக்கு அருகில் உள்ளது என்று பார்த்து, அந்தக் கட்டடத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். குடும்பத்துக்கு ஏற்ற அறை வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால், பொதுவான பதில்தான் வரும். உள்வண்டி ஓடுகிறது என்று சொன்னால் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, இரவு எத்தனை மணி வரை என்று கேளுங்கள். அழைத்தால் வரும் வண்டிக்கும் நேரம் தவறாமல் சுற்றிவரும் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் மாமியாரின் முழங்கால்கள் சொல்லிவிடும்.

மைதானத்தைப் பார்த்த அறைக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். பிள்ளைகளோடு செல்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. காரணங்கள் இரண்டு. ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன் புல்லை வெட்டியாக வேண்டும் என்பதால் வெட்டும் இயந்திரங்கள் விடிவதற்கு முன்பே, முன்விளக்கு எரிய, ஜன்னலுக்கு நேர் கீழே ஓடத் தொடங்கும். மற்றது பந்து. கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அவ்வளவு சிறிய, கெட்டியான பொருள், சாதாரண ஆட்டக்காரர் அடித்தாலும் மட்டையை விட்டு மணிக்கு 200 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் கிளம்புகிறது. பெரும்பாலானவர்கள் வலக்கைக்காரர்கள், தேர்ச்சி குறைந்த வலக்கைக்காரரின் பந்து வலப்புறமாக வளைந்து போவதே வழக்கம். ஆகவே தொடங்கும் இடத்திலிருந்து பார்க்கையில் வலப்புறத்தில், ஏறத்தாழ 150 முதல் 200 மீட்டர் தொலைவில் உள்ள பால்கனிகள்தான் அடி வாங்குகின்றன. அத்தகைய கட்டடத்தின் சுவரை அருகில் போய்ப் பார்த்தால் பூச்சில் நாணய அளவுக்கு வட்ட வட்டமான பள்ளங்கள் தெரியும். சில இடங்களில் வலை கட்டியிருப்பார்கள். பார்வைக்கு மைதானமே வேண்டும் என்றால் தொடங்கும் மேடைக்குப் பின்புறமாகவோ மேல்தளத்திலோ உள்ள அறையைக் கேளுங்கள்.

ஐந்து பேருக்கு இரண்டு அறை தேவைப்படும். உள்ளிருந்தே கதவு திறக்கும் இணைப்பு அறைகளும், வெறுமனே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அறைகளும் ஒன்றல்ல. தொலைபேசியில் இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்வார்கள். உள்கதவு உண்டு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு, விருப்பம் குறித்துக்கொள்ளப்பட்டது என்ற பதிலுக்கும் அறை உறுதி செய்யப்பட்டது என்ற பதிலுக்கும் இடையே, வந்து இறங்கும் மாலையில், பெரிய வித்தியாசம் இருக்கும். தரைத்தள அறையின் கண்ணாடிக் கதவு நேரே குளத்தை நோக்கித் திறக்குமானால், நான்கு வயதுப் பிள்ளையை உத்தேசித்து அதை மறுத்துவிடுவதே நல்லது. வேறு வழியில்லை என்றால், பையன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் உண்டா என்று நுழைந்தவுடன் பாருங்கள்.

நீச்சல் குளங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நான்கைந்து குளங்கள் என்றால் உங்கள் குடும்பத்துக்கு அவற்றில் இரண்டு பயன்படலாம். ஒன்று பெரியவர்களுக்கு மட்டும் என்றிருக்கும்; ஒன்று நீண்ட தூரம் நீந்திப் பயிற்சி செய்பவர்களுக்கானது; ஒன்றில் சறுக்குகள் இருக்கும்; ஒன்று வளைந்து வளைந்து ஓடும் செயற்கை ஆறு; கடைசியாகக் கணுக்கால் ஆழத்திலிருந்து மெல்ல இறங்கும் குழந்தைகள் குளம். சறுக்குகளுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு. பெரிய சறுக்குகளுக்கு அது பெரும்பாலும் 120 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், படியடியில் அளவுகோல் ஒன்று நிற்கும். உங்கள் மகள் தாண்டிவிடுவாள், மகன் தாண்ட மாட்டான். அதை வீட்டிலேயே அளந்து பையனுக்குச் சொல்லிவிட்டால், வரிசையில் இருபது நிமிடம் நின்ற பிறகு வரும் அழுகையைத் தவிர்க்கலாம்.

ஓடும் ஆற்றுக் குளம் பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும். ஆனால் அங்கே நீரோட்டம் பிள்ளையை உங்களிடமிருந்து இழுத்துச் செல்கிறது, வளைவுகள் பார்வையை மறைக்கின்றன, மேலே மிதக்கும் டியூப்களுக்கு அடியில் போன சிறு பிள்ளை வெளியே தெரிவதில்லை. மகன் உங்கள் மடியில் ஒரே டியூபில் இருந்தால் போகலாம், தனி டியூபில் விட வேண்டாம்.

குளத்தில் ஆபத்து எப்படி வரும் என்பதைப் பலரும் தவறாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மூழ்குகிற குழந்தை கூச்சலிடாது, கையை வீசி அழைக்காது. வாய் நீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்சு வாங்கவே நேரம் போதாது, குரல் எழுப்புவது எங்ஙனம்? தலை சற்றுப் பின்னால் சாய்ந்து, கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தியபடி, செங்குத்தாக, சத்தமின்றி நின்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. ஆறும் கடலும் கிணறும் குட்டையும் சேர்ந்த எண்ணிக்கை இது. ஆயினும் எந்த வயதில் கவனம் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதை இது தெளிவாகவே சொல்லிவிடுகிறது.

ஆகவே மகன் தண்ணீரில் இருக்கும்போதெல்லாம் ஒரு பெரியவர் கை நீட்டினால் தொடும் தொலைவில் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். மகளுக்கு நீச்சல் தெரிந்திருந்தாலும் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் வேண்டும். பிள்ளைகள் வெவ்வேறு குளங்களில் இருந்தால் ஒருவரால் இதைச் செய்ய முடியாது. கணவர் மைதானத்தில் இருக்கும் வேளைகளில் இருவரும் ஒரே குளத்தில்தான் இருக்க வேண்டும் என்பதை மகளிடம் முன்பே பேசி, சறுக்குக்கு அப்பாவோடு போகும் நேரத்தையும் அப்போதே குறித்துக் கொடுத்துவிடுங்கள். இரு பெரியவர்களும் இருக்கும்போது வேறொரு ஆபத்து வருகிறது: அவர் பார்க்கிறார் என்று நீங்களும், நீங்கள் பார்ப்பதாக அவரும் எண்ணிக்கொள்வது. இப்போது என் முறை, இனி உன் முறை என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அந்த முறையில் இருப்பவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது.

லைஃப்கார்டு இருக்கிறாரா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தக் குளத்தில் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். சறுக்குக் குளத்தில் மட்டும் ஒருவர் இருப்பார், குழந்தைகள் குளத்தில் யாரும் இல்லை என்ற அறிவிப்புப் பலகை மட்டும் இருக்கும். இது மிகச் சாதாரணம். அவர் இருந்தாலும் ஐம்பது தலைகளைப் பார்ப்பவர் அவர், உங்கள் மகனை மட்டும் பார்க்க வேண்டியவர் நீங்கள். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளும் வளையங்களும் விளையாட்டுப் பொருட்களே. உண்மையில் பாதுகாப்புத் தருவது தரச்சான்று பெற்ற, உடலோடு பொருந்திய லைஃப் ஜாக்கெட். விடுதியில் பிள்ளைகள் அளவில் அது கிடைக்குமா என்று கேட்டு, இல்லையென்றால் கொண்டு செல்லுங்கள். நீச்சலுடையின் நிறமும் பொருட்படுத்தத் தக்கது: வெளிர்நீலமும் வெள்ளையும் குளத்தின் நீல அடித்தரையோடு கலந்து மறைந்துவிடும், பளீரென்ற ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் தண்ணீருக்கு அடியிலும் தெரியும்.

மிகவும் கவனிக்க வேண்டியது கிளம்பும் நேரம். ஜாக்கெட்டைக் கழற்றி, துவட்டி, பையைக் கட்டிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான், எடுக்க மறந்த பொம்மைக்காகப் பையன் மீண்டும் குளத்தருகே ஓடுவான். பை கட்டுவதை முதலில் முடியுங்கள், ஜாக்கெட்டைக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும், அதையும் வேலிக்கதவைத் தாண்டிய பிறகு செய்யுங்கள். அந்தக் கதவு தானாக மூடித் தாழிட்டுக்கொள்கிறதா என்று முதல் நாளே ஒருமுறை திறந்துவிட்டுப் பாருங்கள். நாற்காலியையோ துண்டுக் கூடையையோ முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்திருந்தால் ஊழியரிடம் சொல்லித் தயங்காமல் மூடச் சொல்லலாம்.

தண்ணீரின் தரத்தை விருந்தினரே ஓரளவு கண்டுபிடிக்க முடியும். ஆழமான பகுதியின் அடியில் உள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாத அளவுக்குக் கலங்கியிருந்தால் இறங்காதீர்கள். அடியில் போனவரும் அதே போலத் தெரிய மாட்டார் என்பது அதன் இன்னொரு பொருள். மூடி உடைந்தோ தளர்ந்தோ இருந்தாலும் இறங்க வேண்டாம், அங்கே உறிஞ்சும் விசை முடியையும் துணியையும் பிடித்து இழுத்துக்கொள்ளும். குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள், நீர் சுத்தமாக இருக்கிறது என்று பலர் திருப்திப்படுகிறார்கள். நிலைமை பெரும்பாலும் நேர்மாறானது. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு குளோரின் கலந்து உண்டாகும் குளோரமின்களின் நெடி அது. கண் எரிவதற்கும் அவையே காரணம். குளத்தில் இறங்குமுன் ஒரு நிமிடம் குளிக்கச் சொல்வது சம்பிரதாயத்துக்கு அல்ல.

குளோரின் நொடியில் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பதும் சரியல்ல. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, முறையாக மருந்திட்ட குளத்திலும் ஏழு நாட்களுக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடியது, ஒரு மிடறு நீர் உள்ளே போனாலே போதும். பிள்ளைகளில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் அன்று குளம் கிடையாது. நீச்சலுக்கான டயப்பர் கட்டியிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

வெந்நீர்க் குமிழித் தொட்டியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதில் இறக்கவே கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. உங்கள் மாமியாருக்கு இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அவரும் இறங்க வேண்டாம். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ வாய்ப்புண்டு.

மாமியாரைப் பற்றி இன்னொன்று. பாட்டி கரையில் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு இத்தகைய பயணங்களில் யாரும் சொல்லாமலே உருவாகிவிடும். அவரால் தண்ணீரில் குதித்துத் தூக்க முடியாது என்றால் அவர் துணைக்கு இருப்பவரே தவிரக் காவலர் அல்லர். அவருக்கும் இது விடுமுறைதான். நிழலும் முதுகுச் சாய்மானமும் உள்ள இருக்கை, அருகில் கழிப்பறை, இரைச்சல் குறைந்த பெரியவர்கள் குளத்தின் கரை, மாலையில் வளாகத்துக்குள் நடக்கக் கைப்பிடியுள்ள பாதை ஆகியவை இருந்தால் அவருடைய நாட்கள் நன்றாகவே கழியும். மைதானத்துப் பாதையில் நடக்கலாமா என்று முன்கூட்டிக் கேளுங்கள். பல இடங்களில் ஆட்டக்காரர் அல்லாதோருக்கு அனுமதியில்லை, கடைசி ஆட்டம் முடிந்த பிறகு மட்டும் விடும் இடங்களும் உண்டு.

அந்தத் தடையில் நியாயம் இருக்கிறது. பச்சைப் புல்வெளியைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஓடத் தோன்றும், ஆனால் அது பூங்கா அல்ல. தூரத்திலிருந்து அடிப்பவருக்கு இவர்கள் தெரிய மாட்டார்கள். மைதானத்தில் யாராவது ‘ஃபோர்’ என்று கத்தினால் பந்து வருகிறது என்று பொருள். நிமிர்ந்து பார்க்காமல், தலையைக் கைகளால் மூடிக் குனிய வேண்டும். இதை இரு பிள்ளைகளுக்கும் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். மைதானத்துக் குட்டைகளின் பக்கமும் விடாதீர்கள். கரை சறுக்கலாக இருக்கும். புல்லுக்குப் பாய்ச்சுவதற்காகப் பல மைதானங்கள் சுத்திகரித்த கழிவுநீரையே அவற்றில் தேக்குகின்றன. கோல்ஃப் வண்டியும் பொம்மை வண்டி அல்ல. பெரும்பாலானவற்றில் இருக்கைப் பட்டையோ கதவோ இல்லை. கூர்மையாகத் திரும்பும்போது ஓரத்தில் உட்கார்ந்த குழந்தை வெளியே விழும். ஓட்டுவதற்கு வயது வரம்பும் உரிமமும் கேட்பார்கள். மடியில் வைத்துக்கொண்டு மகனைத் திருப்பச் சொல்வது, பின்னால் பைகள் வைக்கும் மேடையில் மகளை நிற்க வைப்பது ஆகிய இரண்டும் வேண்டாம்.

இதனால் பிள்ளைகளைக் கோல்ஃபிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பதில்லை. பத்து வயது அதைக் கற்கத் தொடங்குவதற்கு நல்ல வயது. பெரிய ரிசார்ட்டுகளில் பிள்ளைகளுக்கான குறுகிய மட்டைகளும் பயிற்சியாளரும் கிடைக்கும். முழு மைதானத்துக்கு அழைத்துப் போவதைவிட, பந்தை உருட்டிப் பழகும் தரையில் மாலை ஒரு மணி நேரம் அப்பாவும் மகளும் போட்டி வைத்துக்கொள்வது இருவருக்கும் பிடிக்கும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்தான். இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து அதில் விழவைப்பது பார்ப்பதற்குத்தான் எளிது. பெரும்பாலான இடங்களில் அந்தத் தரைக்குக் கட்டணமும் இல்லை. உங்கள் கணவர் மைதானத்தில் செலவழிக்கும் நேரத்தில் ஒரு பங்கு இப்படிக் குடும்ப நேரமாகவே ஆகிவிடும்.

இடி மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் மைதானமும் குளமும் ஒரே சமயத்தில் காலியாகும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை திறக்க மாட்டார்கள். வெயிலைப் பொறுத்தவரை, காலை 10 முதல் மாலை 4 வரை நிழலை நாடுவதும், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுவதும் போதும். தண்ணீரிலிருந்து வெளியே வந்தவுடனும் பூசுங்கள். மைதானத்தில் நான்கு மணி நேரம் நிற்கும் கணவர்தான் இதை மறப்பார்.

கட்டணத்தில் கவனிக்க வேண்டியது, அறை வாடகைக்கு வெளியே இருப்பவை. நாள்தோறும் வசூலிக்கும் ரிசார்ட் கட்டணம் தனியா, அதில் எவையெல்லாம் அடங்கும்? ஆட்டக் கட்டணத்தில் வண்டி சேர்ந்ததா, மட்டைப் பையைச் சுமந்து உடன் வரும் உதவியாளர் (கேடி) கட்டாயமா? குளக்கரைக் குடில்களுக்கும் டியூப்களுக்கும் தனிப் பணமா? வந்து சேரும்போது கார்டில் முன்பணமாக எவ்வளவு பிடித்து வைப்பார்கள்? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அறையை ரத்து செய்தால் டீ டைம் தானாக ரத்தாகாது, அதற்குத் தனி விதி இருக்கும். மட்டைகளை வாடகைக்கு எடுப்பதானால் இடக்கை வலக்கை சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். சில மைதானங்கள் ஹேண்டிகேப் சான்று கேட்கும், பலவற்றில் காலர் வைத்த சட்டை இல்லாமலும் ஜீன்ஸ் அணிந்தும் ஆட விட மாட்டார்கள்.

பிள்ளைகள் மன்றம் இருக்கிறது என்பதை நம்பித் திட்டம் போட வேண்டாம். பெரும்பாலும் நான்கு வயது முடிந்திருக்க வேண்டும், தானே கழிப்பறை செல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். இடமும் முன்பே பதிவு செய்தால்தான் கிடைக்கும். உங்கள் மகன் அந்த விளிம்பில் இருப்பதால் பிறந்த தேதியைச் சொல்லியே கேளுங்கள்.

வந்து இறங்கும் நாளில் அறை பிற்பகல் மூன்று மணி வாக்கில்தான் கிடைக்கும். ஆனால் பல ரிசார்ட்டுகளில் அதற்கு முன்பே பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுக் குளத்தைப் பயன்படுத்த விடுவார்கள். புறப்படும் நாளிலும் அறையைக் காலி செய்த பிறகு உடை மாற்றும் அறைகளோடு குளத்தில் இருக்க அனுமதிப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். இந்த இரண்டு அரை நாட்களும் சேர்ந்தால் நான்காவது நாள் ஒன்று கையில் கிடைக்கிறது. நீச்சலுடைகள், ஜாக்கெட், துண்டு, மாற்றுடை எல்லாவற்றையும் பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் குளத்துக்கு அருகிலுள்ள கட்டடம், உள்கதவுள்ள இரண்டு அறைகள், லைஃப்கார்டு பணியில் இருக்கும் நேரங்கள், கிரீன் துளையிடும் தேதிகள் ஆகிய நான்கையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டு அனுப்புங்கள். லைஃப்கார்டு பற்றிய கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் பதில் வந்தால், மீண்டும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். அப்போதும் நேரான பதில் வரவில்லை என்றால் வேறு ரிசார்ட்டைத் தேடுங்கள்.